பிஎம்சி 'குவாலிட்டி பிளான்' கேட்கிறது: அடுக்குமாடி சைட்டுக்கு உண்மையில் என்ன எழுத வேண்டும்?

புதுசா_சைட் கேட்டது:

வணக்கம். சென்னை பாலவாக்கத்தில் ஸ்டில்ட் + 5 அடுக்குமாடி. கடற்கரை அரை கிலோமீட்டருக்குள். ஒவ்வொரு தளமும் சுமார் 42 கனமீட்டர் கான்கிரீட், எம்25 (28 நாளில் சதுர மிமீ-க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கிரேட்), ஆர்எம்சி (பிளான்ட்டில் கலந்து லாரியில் வருவது), பம்ப் வைத்துப் போடுகிறார்கள். சிமென்ட் பிபிசி (ஃப்ளை ஆஷ் போன்றது கலந்த வகை). வரைபடத்தில் ஸ்லாப் கனம் 125 மிமீ, கவர் (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்) 20 மிமீ. இரண்டு தளம் முடிந்தது, மூன்றாவதுக்கு சென்ட்ரிங் ஓடுகிறது.

ஓனர் தரப்பு பிஎம்சி (வேலையைக் கண்காணிக்கும் கன்சல்டன்ட்) இப்போதுதான் குவாலிட்டி பிளான் கேட்கிறது. வேறு சைட்டின் 60 பக்க ஃபைல் கையில் இருக்கிறது. பெயரை மாற்றிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் பாதி பிடிபடவில்லை.

1. க்யூஏ (அஷ்யூரன்ஸ்), க்யூசி (கன்ட்ரோல்) இரண்டுக்கும் சைட்டில் என்ன வித்தியாசம்? புத்தக விளக்கம் வேண்டாம்.
2. ஐடிபி-யில் (இன்ஸ்பெக்ஷன், டெஸ்ட் பிளான்) ஹோல்டு பாயின்ட் (பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வேலை நிற்க வேண்டிய இடம்) எங்கெங்கே வைப்பது? பழைய ஃபைலில் எல்லா வரியிலும் 'ஹோல்டு' என்றே இருக்கிறது.
3. முதல் தளத்தின் 28 நாள் கியூப் ரிசல்ட் (கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்த்தது, நியூட்டன்/சதுர மிமீ). முதல் செட் 26.2, 27.8, 18.9, சராசரி 24.3. இரண்டாவது செட் 28.1, 29.4, 27.5, சராசரி 28.3. 'எம்25-இல் 3 கழித்தால் 22, நமக்கு 24.3 வந்திருக்கிறது, பாஸ்' என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?
4. பம்ப் அடைக்கிறது என்று மிக்ஸர் லாரியில் தண்ணீர் விடுகிறார்கள். எவ்வளவு வரை விடலாம்?

---

தூக்குக்குண்டு பதில்:

தம்பி, 60 பக்கத்தை ஓரமாக வையுங்கள். 1, 2-க்கு நான் சொல்கிறேன். கியூப் விஷயத்தை லேப் ஆட்கள் யாராவது சொல்லட்டும்.

கியூப் உடைத்துப் பார்ப்பது, ஸ்லம்ப் (கலவையின் தளர்வு) எடுப்பது, டைலைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் க்யூசி. செய்த பொருள் சரியா என்று பார்க்கிற வேலை அது. எந்தக் கம்பி வரைபடம் கடைசித் திருத்தம், பார் பெண்டர் கையில் அதுதான் இருக்கிறதா, தராசுக்கும் பிரஷர் மிஷினுக்கும் கேலிப்ரேஷன் தேதி தாண்டிவிட்டதா, யார் கையெழுத்து இல்லாமல் கான்கிரீட் போடக்கூடாது என்பதெல்லாம் க்யூஏ. தப்பு நடக்காத மாதிரி வேலையை அமைப்பது. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கான பிஎம்ஐ கையேட்டின் ஆறாம் பதிப்பில் (2017) இந்தப் பகுதிக்கு 'அஷ்யூரன்ஸ்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'மேனேஜ் குவாலிட்டி' என்று மாற்றினார்கள். பெயர் எதுவானாலும் வேலை இதுதான்.

கட்டட வேலையில் க்யூசி எப்போதும் தாமதமாகத்தான் வரும். 28 நாள் ரிசல்ட் கைக்கு வரும்போது அதற்கு மேலே ஒன்றோ இரண்டோ தளம் ஏறியிருக்கும். உங்கள் சைட்டே உதாரணம். அதனால் பிளானின் கனம் முழுவதும் கான்கிரீட் விழுவதற்கு முந்தைய நாளில் இருக்க வேண்டும்.

ஹோல்டு பாயின்ட்டுக்கு நான் பார்க்கிற கணக்கு ஒன்றுதான்: இந்த வேலை மூடப்பட்டுவிட்டால் பிறகு உடைக்காமல் பார்க்க முடியுமா? முடியாது என்றால் ஹோல்டு. உங்கள் சைட்டுக்கு அப்படி எட்டு ஒன்பதுதான் தேறும். அஸ்திவாரக் குழியின் அடிமண், ஃபுட்டிங் கம்பி, ஒவ்வொரு தளத்திலும் காலம் கம்பி, ஸ்லாப்–பீம் கம்பி, சங்கன் ஸ்லாப் (பாத்ரூமில் தாழ்த்திப் போடும் தளம்) வாட்டர்புரூஃபிங், சுவருக்குள் போகும் தண்ணீர் லைனின் பிரஷர் டெஸ்ட், மாடி வாட்டர்புரூஃபிங், சம்ப் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது. ஸ்லம்ப், கியூப் எடுப்பது விட்னஸ்: 24 மணி நேரம் முன்பு தகவல் கொடுத்துவிட்டால் பிஎம்சி வராவிட்டாலும் வேலை ஓடலாம். சிமென்ட் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட், கம்பி மில் சர்ட்டிஃபிகேட் போன்றவை ரிவ்யூ. எல்லா வரியிலும் ஹோல்டு என்று எழுதினால் இரண்டாவது வாரத்திலேயே யாரும் எதற்கும் நிற்க மாட்டார்கள். பழைய ஃபைலில் அதுதான் நடந்திருக்கும்.

மூன்றாவது ஸ்லாபுக்கு முந்தைய நாள் பார்க்க வேண்டியது:

முட்டு. செங்குத்தாக நிற்கிறதா, குறுக்குக் கட்டு இருக்கிறதா, கீழே பலகை இருக்கிறதா. ஷீட் இடுக்கில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். சிமென்ட் பால் ஒழுகினால் அந்த இடம் ஹனிகோம்ப் (ஜல்லி மட்டும் தெரியும் ஓட்டை).

கம்பி. விட்டம், இடைவெளி எல்லாரும் பார்ப்பார்கள். யாரும் பார்க்காதது மேல் கம்பி. 125 மிமீ ஸ்லாபில் பீமுக்கு மேலே வரும் எக்ஸ்ட்ரா கம்பியை மிதித்து மிதித்து 20 மிமீ கீழே இறக்கிவிட்டால் அந்த இடத்தின் தாங்கும் திறன் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. பால்கனி கான்டிலீவரில் அதுவே ஆபத்து. மீட்டருக்கு ஒரு சேர் கம்பி (மேல் கம்பியைத் தூக்கி நிறுத்துவது), நடப்பதற்கு மேலே பலகைப் பாதை, இரண்டும் செக்லிஸ்டில் தனி வரியாக வர வேண்டும். காலம், பீம் கம்பியைச் சுற்றும் ரிங்கின் கொக்கி 135 டிகிரி வளைந்து உள்ளே போக வேண்டும். 90-இல் விட்டால் நிலநடுக்க விதியான ஐஎஸ் 13920 படி செல்லாது.

எலக்ட்ரிக்கல் பைப் காலம் பக்கத்தில் கட்டுக்கட்டாக ஒன்றின்மேல் ஒன்று போகக்கூடாது.

வைப்ரேட்டர் இரண்டு, அதில் ஒன்று பெட்ரோல். கரண்ட் போனால் பாதி பீமில் நிற்க முடியாது. 40 மிமீ ஊசி என்றால் 350–400 மிமீ-க்கு ஒரு குத்து, நேராக இறக்கி மெதுவாக எடுப்பது. ஊசியை வைத்து கான்கிரீட்டைத் தள்ளுகிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

கவர் பிளாக். சைட்டிலேயே கலவையில் வார்த்து, க்யூரிங் பண்ணாமல் மறுநாளே வைப்பார்கள். மிதித்தால் தூளாகும். உடைந்த ஜல்லியைக் கவராக வைப்பதும் இதே கணக்குதான்.

இதெல்லாம் ஒரு பக்க 'போர் கார்டு' (கான்கிரீட் போட அனுமதித் தாள்). கான்ட்ராக்டர் இன்ஜினியர், க்யூசி, எம்இபி (எலக்ட்ரிக்கல், பிளம்பிங்), பிஎம்சி என நாலு கையெழுத்து. இன்னொன்று, பெரும்பாலான பிளானில் இல்லாதது: ஆர்எம்சி ஆர்டரை உறுதி செய்வது நாலாவது கையெழுத்துக்குப் பிறகு. காலை ஆறு மணிக்கு மிக்ஸர் லாரி வாசலில் நின்று டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது 'கம்பி சரியில்லை, நிறுத்து' என்று சொல்லும் ஆள் எந்த சைட்டிலும் கிடையாது.

---

கியூப்_டேங்க் பதில்:

3-க்கு: பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. முதல் செட் செல்லாது.

கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 படி மூன்று கியூபின் சராசரிதான் ஒரு ரிசல்ட். ஆனால் எந்தக் கியூபும் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. 24.3-க்கு 15 சதவீதம் 3.6. அப்படியானால் 20.7 முதல் 27.9 வரைதான் இடம். 18.9 வெளியே நிற்கிறது. அந்த செட்டையே கணக்கில் எடுக்க முடியாது. 18.9-ஐ மட்டும் தூக்கிவிட்டு மற்ற இரண்டின் சராசரி போடுவதும் கூடாது.

'3 கழித்தால் போதும்' என்பது பாதி விதி. தனி ரிசல்ட் 22-க்குக் குறையக்கூடாது என்பது ஒரு பக்கம். தொடர்ந்து வரும் நாலு ரிசல்ட்டின் சராசரி 25 + 0.825 × ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (ரிசல்ட்டுகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு), அல்லது 25 + 3, இதில் எது பெரிதோ அதைத் தொட வேண்டும் என்பது மறுபக்கம். சைட்டுக்கென்று டீவியேஷன் இன்னும் நிலைபெறவில்லை என்றால் எம்25-க்கு 4 என்று வைத்துக்கொள்ளலாம். 25 + 3.3 = 28.3, அரைக்குத் திருத்தினால் 28.5. எல்லாமே 24, 25 என்று வந்துகொண்டிருந்தால் ஒவ்வொன்றும் தனியாகப் பாஸ், மொத்தமாக ஃபெயில். மிக்ஸ் டிசைனில் எம்25-க்கு இலக்கு 25 + 1.65 × 4 = 31.6 என்று வைப்பதும் இதனால்தான்.

அதோடு சாம்பிள் எண்ணிக்கையே குறைவு. 31 முதல் 50 கனமீட்டர் வரை நாலு சாம்பிள் வேண்டும். நாலு சாம்பிள், 28 நாளுக்கு மட்டும் 12 கியூப். 7 நாளும் பார்த்தால் இன்னும் 12. நீங்கள் எடுத்தது இரண்டு. நாலும் வெவ்வேறு லாரியிலிருந்து வர வேண்டும், லாரி நம்பரும் அது கொட்டிய இடமும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபெயிலான கியூபுக்கு எந்த மூலை சொந்தம் என்று யாருக்கும் தெரியாது.

ஒரே லாரியின் மூன்று கியூபில் ஒன்று மட்டும் இப்படி விழுந்தால் கான்கிரீட்டை விட கியூப் மீதுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும். மோல்டு சதுரமாக இல்லை, போல்ட் தளர்ந்து பால் ஒழுகியது, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து என்பது இல்லாமல் ஒரே அள்ளில் நிரப்பியது, போட்ட அன்றே மோல்டை நகர்த்தியது, வெயிலில் விட்டது. மிஷினில் வார்த்த மேல் முகத்தை மேலேயே வைத்து நசுக்கியிருந்தாலும் இப்படி வரும். பக்க முகம்தான் தட்டைத் தொட வேண்டும். உடைந்த கியூபைத் தூக்கிப் போடாமல் இருந்தால் பாருங்கள்: நாலு பக்கமும் ஒரே மாதிரி சிதைந்து நடுவில் மணல் கடிகாரம் போல நின்றால் சோதனை சரி. ஒரு ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தால் சாய்வாக அமுங்கியிருக்கிறது. எம்25 கியூப் 562 கிலோநியூட்டனைத் தாண்ட வேண்டும், ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு 14 நியூட்டன்/சதுர மிமீ. ஆபரேட்டர் அவசரத்தில் வேகமாக ஏற்றினால் ரிசல்ட் கூடித்தான் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. அந்த லாரி கொட்டிய பகுதியையும் மற்ற பகுதியையும் ரீபவுண்ட் ஹாம்மரில் (பரப்பைத் தட்டிப் பார்க்கும் கருவி) ஒப்பிடுங்கள். அது வலிமையைச் சொல்லாது, எங்கே வித்தியாசம் என்று மட்டும் காட்டும். வித்தியாசம் தெரிந்தால் கோர் (கான்கிரீட்டிலிருந்து துளைத்தெடுக்கும் உருளை). குறைந்தது மூன்று, கம்பி லொக்கேட்டர் வைத்துக் கம்பியைத் தவிர்த்து. மூன்றின் சமான கியூப் வலிமைச் சராசரி 85 சதவீதம், அதாவது 21.25, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்கு, 18.75-க்குக் குறையக்கூடாது. கோரும் விழுந்தால் லோடு டெஸ்ட், அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வர வேண்டும். டெட் லோடோடு லைவ் லோடின் ஒன்றேகால் மடங்கு, 24 மணி நேரம் நிற்க வேண்டும், எடுத்தபின் அடுத்த 24 மணி நேரத்துக்குள் தொய்வில் 75 சதவீதம் திரும்ப வேண்டும்.

பிபிசி என்பதால் இன்னொன்று. 7 நாளில் 28 நாள் வலிமையின் 65 சதவீதம் வரும் என்ற கணக்கு இதில் கொஞ்சம் பின்தங்கும். ஆனாலும் 7 நாளில் 16-க்குக் கீழே வந்தால் 28 வரை காத்திருக்க வேண்டாம், அன்றே பிளான்டைக் கூப்பிடுங்கள். முட்டு எடுக்கும் நாளும் பிபிசிக்கு ஓபிசி (சாதா சிமென்ட்) அட்டவணைப்படி கிடையாது. ஓபிசிக்கே 4.5 மீட்டர் வரை ஸ்லாப் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பீம் 6 மீட்டர் வரை 14, மேலே 21. இதில் கூட்டித்தான் போக வேண்டும். க்யூரிங் 10 நாளுக்குக் குறையாமல், 14 நல்லது.

---

ரசமட்டம் பதில்:

எல்லாரும் எம்25 வந்ததா என்று பேசுகிறீர்கள். எம்25 சரியா என்று யாரும் கேட்கவில்லையே!

கடலிலிருந்து அரை கிலோமீட்டர். ஐஎஸ் 456 அட்டவணையில் கடலோரச் சூழலுக்கு நேராக வெளிப்படும் கான்கிரீட் 'சிவியர்'. அதற்குக் குறைந்தது எம்30, தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45, சிமென்ட் கனமீட்டருக்கு 320 கிலோ, கவர் 45 மிமீ. உப்புக் காற்று நேராகப் படாமல் மறைவில் இருப்பவை 'மாடரேட்'. அதற்கே எம்25, 0.50, கவர் 30. 20 மிமீ கவர் 'மைல்டு' சூழலுக்கானது. மொட்டை மாடி, பால்கனி, சன்ஷேட், திறந்த ஸ்டில்ட் காலம் இவையெல்லாம் எந்த வகை என்று டிசைனர் தெளிவாக எழுதித் தந்தாரா?

தரம் என்றால் கேட்டதைச் சரியாகத் தருவது என்பார்கள். கேட்டதே தப்பாக இருந்தால் 20 மிமீ கவரைக் கச்சிதமாக வைத்து, செக்லிஸ்டில் டிக் அடித்து, சில வருஷத்தில் துருப்பிடித்துப் பெயரும் ஸ்லாபைக் கட்டித் தருவீர்கள். பிளானின் முதல் பக்கம் இந்தத் தேவைப் பட்டியலாகத்தான் இருக்க வேண்டும்: எந்த உறுப்பு, எந்த கிரேட், கவர், சூழல் வகை, யார் உறுதி செய்தது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே கவர் பிளாக்கை 20-லிருந்து 30-க்கு மாற்றிவிடாதீர்கள். 125 மிமீ ஸ்லாபில் கம்பி 10 மிமீ உள்ளே போனால் எஃபெக்டிவ் டெப்த் (கம்பி வேலை செய்யும் ஆழம்) குறையும், டிசைன் கணக்கு மாறும். கனத்தைக் கூட்டுவதா, கம்பியைக் கூட்டுவதா என்பது டிசைனர் முடிவு. மூன்றாவது தளம் சென்ட்ரிங்கில் இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை அதுவே ஹோல்டு.

---

புதுசா_சைட்:

நன்றி சார். சூழல் வகை பற்றி வரைபடத்தில் ஒரு வரிகூட இல்லை, இன்றே ஆர்எஃப்ஐ (எழுத்தில் விளக்கம் கேட்பது) போடுகிறேன். மோல்டு இரண்டில் போல்ட் தேய்ந்திருப்பதும் உண்மை. 4-வது கேள்வி? பாத்ரூம் வாட்டர்புரூஃபிங்குக்கும் பழைய ஃபைலில் 'டெஸ்ட் செய்யவும்' என்று மட்டும் இருக்கிறது.

---

பேட்ச்_ஷீட் பதில்:

தண்ணீர்: பூஜ்யம். கணக்கோடு சொல்கிறேன், டிரைவரிடமும் சொல்லலாம்.

6 கனமீட்டர் லாரியில் ஒரு 200 லிட்டர் டிரம் ஊற்றினால் கனமீட்டருக்கு 33 லிட்டர். 320 கிலோ சிமென்ட், 160 லிட்டர் தண்ணீர் என்றால் விகிதம் 0.50. ஊற்றியபின் 193 லிட்டர், 0.60. இலக்கான 31.6-க்கும் 25-க்கும் நடுவே வைத்திருந்த மிச்சம் அத்தனையும் அந்த ஒரு டிரம்மில் கரைந்துபோகும். சுருக்க விரிசல் தனி.

ஆர்டரில் எந்த ஸ்லம்ப் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். எழுதவே இல்லை என்றால் பம்ப் அடைப்பதற்கு அதுதான் காரணம். ஆர்எம்சிக்கான ஐஎஸ் 4926 படி கேட்ட அளவிலிருந்து 25 மிமீ அல்லது மூன்றில் ஒரு பங்கு, எது குறைவோ அதுவரை விலகலாம். குறைந்து வந்தால் பிளான்ட்டின் க்யூசி ஆள் அட்மிக்ஸர் (கலவையைத் தளர்த்தும் கெமிக்கல்) சேர்த்து, டிரம்மை வேகமாகச் சுற்றி, திரும்ப ஸ்லம்ப் எடுக்கட்டும். எவ்வளவு சேர்த்தார் என்று சலானில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். லோடு ஏற்றி 2 மணி நேரம் தாண்டிய லாரி திரும்பிப் போகட்டும். சலானில் ஏற்றிய நேரம் இருக்கும், கேட்டில் உள்ளே வந்த நேரத்தை நீங்கள் எழுதுங்கள். ஈசிஆர் மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும், அதனால் கான்கிரீட் போடத் தொடங்கும் நேரத்தையும் பிளானில் எழுதலாம்.

அடைப்பு தொடர்ந்தால் காரணம் எம்-சாண்டாக இருக்கும். 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி ஆற்று மணலில் 3 சதவீதம் வரைதான். நொறுக்கிய மணலுக்கு 15 வரை அனுமதி. அந்த 15-ஐத் தொடும் மணல் தண்ணீரைக் குடிக்கும், ஸ்லம்ப் சீக்கிரம் செத்துவிடும். பிளான்ட்டிடம் சல்லடை ரிப்போர்ட்டும் அன்றைய ஈரப்பத அளவும் கேட்டு வாங்குங்கள். மழை பெய்த மறுநாள் அந்த ஈரப்பதத்தைக் கழிக்காமல் பேட்ச் போட்டால் தண்ணீர் பிளான்டிலேயே கூடி வரும்.

---

தூக்குக்குண்டு:

பாத்ரூமுக்கு நான் எழுதுவது இது. சங்கனில் குப்பை, கலவை உதிரி எல்லாம் கொத்தி எடுத்து, பைப் நுழையும் இடத்தைச் சுருங்காத கிரவுட்டில் அடைத்து, மூலைகளை வட்டமாகப் பூசி, கோட்டிங் இரண்டு கை. சுவரில் தரைமட்டத்துக்கு மேல் 300 மிமீ, ஷவர் பக்கம் அதற்கும் மேலே. காய்ந்தபின் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம், மட்டத்தைச் சுவரில் பென்சில் கோடு போட்டு, கீழ்த்தளத்தில் நின்று அடியைப் பார்ப்பது. சங்கன் பள்ளத்தை நிரப்பும் முன் ஒரு முறை, டைலுக்கு முன் இன்னொரு முறை. முதல் டெஸ்ட் முடிந்தபின் பிளம்பர் வந்து ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போவான். ஒழுகும் பாத்ரூம்களில் நான் சந்தேகப்படுவது கோட்டிங்கை இல்லை, அந்த ஓட்டையைத்தான். அதனால் பிளம்பிங் கையெழுத்து விழாமல் கோட்டிங் தொடங்கக்கூடாது என்று வரிசையை எழுதுங்கள்.

ஏதாவது தவறினால் என்சிஆர் (தவறைப் பதிவு செய்யும் தாள்). அதில் 'இனி கவனமாக இருக்கிறோம்' என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள். உங்கள் 18.9-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஏன்? மோல்டு போல்ட் தேய்ந்தது. ஏன் தெரியவில்லை? மோல்டுக்கு என்று ரிஜிஸ்டர் இல்லை. ஆக, திருத்தம்: மோல்டுக்கு நம்பர், மாதம் ஒரு முறை மூலைவிட்டம் அளப்பது, யார் அளப்பது. அந்த ஸ்லாபை என்ன செய்வது என்பது தனி முடிவு: அப்படியே ஏற்பது, சரிசெய்வது, உடைப்பது. முதலாவதை டிசைனர் மட்டுமே எழுதலாம்.

என்சிஆர் மூடாத வேலைக்கு ஆர்ஏ பில்லில் (வேலை நடக்கும்போதே அவ்வப்போது போடும் பில்) அளவு ஏறக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் பிஎம்சி சண்டைக்கு வரும் ஒரே வரி இதுவாகத்தான் இருக்கும். அவர்கள் ஒப்புக்கொண்டால் மற்ற 59 பக்கம் இல்லாமலும் ஓட்டலாம்.

---

புதுசா_சைட்:

போர் கார்டு, மோல்டு ரிஜிஸ்டர், தேவைப் பட்டியல், ஒன்பது ஹோல்டு. 11 பக்கத்தில் முடிந்தது. டிசைனர் ஃபோன் செய்தார். பால்கனியும் மாடியும் எம்30, திருத்திய வரைபடம் வரும்வரை மூன்றாவது தளத்துக்குக் கம்பி ஏற்ற வேண்டாம் என்கிறார். ஆர்எம்சி ஆர்டர் வரி மட்டும் இழுபறியில் இருக்கிறது. முந்தைய நாளே புக்கிங் இல்லாவிட்டால் பம்ப் கிடைக்காதாம்.

---

பேட்ச்_ஷீட்:

பம்பையும் நேரத்தையும் புக் செய்து வையுங்கள், அளவை உறுதி செய்யாதீர்கள். மாலை 5 மணிக்குள் கையெழுத்து இல்லையென்றால் ரத்து என்று பிளான்ட்டிடம் முன்பே பேசி, பம்பின் காத்திருப்புக் கட்டணம் யார் தலையில் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.